கருவிக்குக் காண்டிகை

விழா மலருக்கு ஒரு கட்டுரை தருக என்று மலர்க்குழுவினர் கேட்டபோது, சங்க நூல்களிலிருந்தோ கந்தபுராணத்திலிருந்தோ ஒரு பொருளை எடுத்து யான் எழுதுவேன் என்றே அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். தமிழாசிரியன் ஒருவனிடத்து வேறெதனை எதிர்பார்ப்பர்? ஆயினும், கடந்த ஈராண்டுகளாக எனது ஓய்வு நேரத்தின் பெரும் பகுதியைக் கவர்ந்துகொண்ட தொழில் பிறிதொன்று. கணினி வழியாக ஏவல் செய்யும் செயற்கை நுண்ணறிவுக்கு, அது கையாளத்தக்க கருவிகள் இன்னவை, அவற்றைக் கையாளும் முறை இன்னது என்று குறிப்பு எழுதிக் கொடுத்தலே அத்தொழிலாம். "பயிற்றப்பட்ட ஆசிரியர் தராதரப் பத்திரத்துக்கும் இதற்கும் என்ன உறவு, மாஸ்ரர்?" என்று ஆசிரியர் அறையில் நண்பரொருவர் நகைத்தார். உறவு மிக நெருங்கியது என்பதே எனது துணிபு. அதனை இம்மலரிற் கூற விழைகின்றேன்.

இப்பொருளோடு பழக்கமில்லாத அன்பர்களுக்காக முதலிற் சிறிது விளக்கம் வேண்டும். மொழிமாதிரி என்று கூறப்படும் செயற்கை நுண்ணறிவு, தன்னளவிற் சொற்களைத் தொடுக்க வல்லதேயன்றி, எமது நூலகத்து அலுமாரியில் எந்நூல் உண்டு, எந்நூல் இரவல் போயிற்று என்பதை அறியாது. அதனை அறிய வேண்டுமாயின் நூலகப் பதிவேட்டை வைத்திருக்கும் நிரலை அது கேட்டறிதல் வேண்டும். ஒரு நிரல் மற்றொரு நிரலைக் கேட்பதற்கென அமைந்த வாயிலை ஏபிஐ என்பர். அவ்வாயிலில் உள்ள ஒவ்வொரு செயலையும் ஒரு 'கருவி' எனக் கொண்டு, அதற்கு ஒரு பெயர், அது செய்யும் செயல் பற்றிய ஒரு குறிப்பு, அதற்குக் கொடுக்க வேண்டிய உள்ளீடுகளின் விபரம் ஆகிய மூன்றையும் நிரலாளர் எழுதி மாதிரியின் முன் வைப்பர். மாதிரி அதனைப் படித்து, 'இக்கருவியை இவ்வுள்ளீட்டோடு இயக்குக' என்று எழுதிக் கொடுக்கும். இயக்குவது நிரலாளரின் நிரலேயாம். வந்த விடையை மாதிரி மீளப் படித்து, அடுத்து யாது செய்வதெனத் தீர்மானிக்கும். இவ்வாறு ஒரு நோக்கம் முடியுமளவும் படிபடியாகச் சென்று கருமம் ஆற்றுவதையே ஏஜென்ற் என்றும் முகவர் என்றும் இக்காலத்தார் வழங்குகின்றனர். ஓப்பன்ஏஐ நிறுவனம் 2023 யூன் மாதத்தில் இவ்வசதியைத் தனது ஏபிஐயில் அறிவித்தது. வெவ்வேறு நிறுவனத்தாரின் கருவிகளையும் மாதிரிகளையும் ஒரு பொது முறையால் இணைக்கும் நெறியொன்றை அந்திரொப்பிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்டது. அதன் பின்னர் கருவிகள் பல்கிவிட்டன. குறிப்பெழுதுவோர் தேவையும் பல்கிவிட்டது.

இங்கே கருதற்பாலது ஒன்றுண்டு. கருவியின் உள்ளே நிரலாளர் எழுதியது யாதென மாதிரி காண்பதில்லை. அது காண்பது பெயரையும் குறிப்பையும் உள்ளீட்டு விபரத்தையும் மாத்திரமே. அது மட்டுமன்று; ஐயம் தோன்றியவிடத்துக் குறிப்பை எழுதியவரைத் தேடிச் சென்று கேட்கவும் அதனால் இயலாது.

இதனை நிரலாளராகிய என் மாணாக்கர் முதன்முதலாக எனக்கு விளங்கப்படுத்தியபோது, "தம்பி, நீர் சொல்வது பரீட்சை மண்டபத்துப் பிள்ளையின் நிலையல்லவா?" என்றேன். வினாத்தாளை ஆக்கியவர் எங்கோ இருக்கின்றார். மண்டபத்தில் நிற்கும் மேற்பார்வையாளர் வாய் திறத்தலாகாது. பிள்ளைக்குள்ள துணை, தாளின் தலைப்பில் அச்சிடப்பட்ட அறிவுறுத்தல் ஒன்றே. 'ஐந்து வினாக்களுக்கு விடை தருக' என்பதற்கும் 'முதலாம் வினா உட்பட ஐந்து வினாக்களுக்கு மாத்திரம் விடை தருக' என்பதற்கும் உள்ள வேறுபாட்டால் எத்தனை பிள்ளைகள் புள்ளி இழந்தனர் என்பதை விடைத்தாள் திருத்திய ஆசிரியர் யாவரும் அறிவர். ஆசிரிய கலாசாலையில் எமக்குப் பாடக்குறிப்பு எழுதப் பயிற்றிய விரிவுரையாளர், எமது குறிப்பை எம்மிடமே தாராமல், பக்கத்து வாங்கில் இருப்பவரிடம் கொடுத்து, "இதனை வைத்துப் பாடம் நடத்தும்" என்பார். எழுதியவர் வாய் திறவாது பார்த்திருத்தல் வேண்டும். அக்காலத்து அதனை ஒரு கொடுமையென்றே கருதினோம். இப்பொழுது அதனிற் சிறந்த சோதனையை யான் அறியேன்.

இனி, யான் இதனுட் புகுந்த வரலாறு. கொழும்பிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் கணினித்துறையில் உத்தியோகம் பார்க்கும் எமது பழைய மாணவர் சிலர் ஒன்றுகூடி, கல்லூரிக்கெனச் சிறியதொரு முகவரை ஆக்கிக் கொடுத்தனர். நூலகத்தில் நூல் தேடுதல், உதவிநிதிப் பதிவேட்டைப் பார்த்தல், பழைய மாணவருக்குக் கடிதம் அனுப்புதல் ஆகியன அதன் பணிகள். அலுவலகத்தில் ஒருவர் கேள்வியைத் தட்டச்சிட்டால் முகவர் விடை சொல்லும். பரீட்சார்த்தமாக அது வழங்கிய முதல் தவணையிலே, தாயொருவர் அலுவலகத்துக்கு வந்தார். கணவரை இழந்தவர், மகன் அப்போது தரம் 11இல் இருந்தான். அம்மாதத்து உதவிப்பணம் இன்னும் கிடைக்கவில்லையே என்று கேட்டார். அலுவலகத்தில் அன்றிருந்தவர் முகவரைக் கேட்க, 'வழங்கப்பட்டுவிட்டது' என்று விடை வந்தது. அத்தாய் மறுமொழி ஒன்றும் பேசாது சென்றுவிட்டார். கொடுத்தவர்களோடு வழக்காடுதல் எம்மவருள் ஏழைகளுக்கு இயல்பன்று. நான்கு நாட்களாகப் பையன் வகுப்பிற் காணப்படாமையால் யான் விசாரித்தபோதுதான், பஸ்ஸுக்குப் பணமில்லை என்பது தெரிந்தது.

நடந்தது இது. அதே வகுப்பில் அதே பெயருடைய மற்றொரு மாணவன் இருந்தான். ஒருவன் தந்தை பெயரின் முதலெழுத்து 'க', மற்றவனுக்கு 'கு'. தமிழில் இவை இரண்டும் வேறு வேறு எழுத்துக்கள். பதிவேடோ ஆங்கிலத்தில் இருந்தது. அங்கே 'க'வும் 'கு'வும், ஏன், 'கா'வும் 'கோ'வுங்கூட, 'கே' என்னும் ஓரெழுத்தாய் ஒடுங்கிவிடுகின்றன. முகவர் பெயரைக் கொண்டு தேடிற்று, முதலில் வந்த வரியைப் படித்தது, விடை சொல்லிற்று. கருவிக்கு அன்றிருந்த குறிப்பு முழுவதும் 'மாணவர் விபரத்தைப் பெறும்' என்பதுதான். அதனை எழுதியவர் இரவு விழித்துத் தொண்டாகச் செய்த நல்லவர். கருவியின் உள்ளமைப்பு அவருக்கு மனப்பாடம். மனப்பாடமானதை எழுத வேண்டுமென எவருக்கும் தோன்றாது. பையனுக்குரிய பணம் அன்றே கொடுக்கப்பட்டது. தாயிடம் அதிபரே சென்று வருத்தம் தெரிவித்தார். அதன் பின்னரே, கருவிக் குறிப்புக்களைத் தமிழாசிரியர் ஒருவர் படித்துப் பார்த்தல் நன்று என்று அவர்கள் என்னை அழைத்தனர்.

அக்கருவிக்கு இப்போதுள்ள குறிப்பின் பொருள் வருமாறு: 'ஒரு மாணவருக்கு ஒரு மாதத்தில் உதவிப்பணம் கையிற் சேர்ந்ததா என்பதைக் கூறும். மாணவரைச் சேர்விலக்கத்தால் மாத்திரமே இது அறியும், பெயரால் அறியாது. சேர்விலக்கம் தெரியாவிடின் முதலிற் பெயர் தேடும் கருவியைப் பாவிக்க; ஒருவருக்கு மேற்பட்டோர் வரின் எவரையும் நீயே தெரிவு செய்யாது, கேட்டவரிடம் தந்தை பெயரை முழுமையாகக் கேள். பெயருக்கு முன் நிற்கும் எழுத்துத் தந்தை பெயரின் முதலெழுத்து. அது குடும்பப் பெயரன்று. அங்கீகரிக்கப்பட்ட பணம் வேறு, கையிற் சேர்ந்த பணம் வேறு. இக்கருவி பின்னதையே கூறும்.' நீளமென்று தோன்றலாம். ஆயினும் அந்திரொப்பிக் நிறுவனத்தார் தம் ஏபிஐயைப் பாவிப்போருக்கு எழுதிய வழிகாட்டியும் ஒவ்வொரு கருவிக்கும் குறைந்தது மூன்று நான்கு வாக்கியங்களேனும் வேண்டும் என்றே கூறுகின்றது. இவ்வாக்கியங்கள் ஒவ்வொன்றும் ஒரு பிழையைத் தடுக்கவென வந்தவை. தடுக்கும் பிழை இன்னதெனக் காட்டவியலாத வாக்கியம் எங்கேனும் இருப்பின் அதனை வெட்டிவிடுவது எனது வழக்கம்.

பவணந்தியார் நன்னூற் பாயிரத்தில் நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைக் கூறினார். உயர்தர வகுப்பில் ஆண்டுதோறும் யான் அவற்றைப் படிப்பித்து வருகின்றேன். படிப்பிக்கும்போது அவை பழைய உரையாசிரியர் காலத்துக்கே உரியனபோலப் பிள்ளைகள் முகத்தில் ஓர் அயர்வு தோன்றும். கருவிக் குறிப்பிலோ அவை உயிரோடு உலாவுகின்றன. 'மாணவர் விபரத்தைப் பெறும்' என்பது குன்றக் கூறல். ஒரே செய்தியைக் குறிப்பிலும் உள்ளீட்டு விபரத்திலும் இருமுறை எழுதிப் பின்னர் ஒன்றை மாத்திரம் திருத்தி மற்றதை மறந்துவிடின் கூறியது கூறல் மாறுகொளக் கூறலாய் முடிகின்றது. இஃது எமது நூலகக் கருவியில் உண்மையாகவே இருந்தது: ஓரிடத்தில் இரவல் நாட்கள் பதினான்கு, மற்றோரிடத்தில் ஏழு. இவற்றுள் மயங்க வைத்தலே மிகப் பொல்லாதது. ஏனெனில், குறை குன்றியிருப்பின் மாதிரி சிலவேளை திரும்பிக் கேட்கும். மயங்க வைத்தாலோ, தான் விளங்கிக்கொண்டுவிட்டதாக எண்ணித் துணிந்து செய்யும்.

குற்றம் கூறிய ஆசிரியர் மருந்தும் கூறாமற் போகவில்லை. காண்டிகையுரையின் இலக்கணமாக அவர் கூறுவன, கருத்து, பதப்பொருள், காட்டு, அவற்றோடு வினாவும் விடையும். நாவலர் பெருமான் நன்னூலுக்குக் காண்டிகையுரை செய்த நாடு எமது நாடு. அவ்வுரையைப் படித்து வளர்ந்தவனுக்குக் கருவிக் குறிப்பெழுதப் பிறிதோர் இலக்கணம் வேண்டியதில்லை. கருவி எதற்கு என்பது கருத்து. ஒவ்வோர் உள்ளீடும் யாதெனக் கூறுவது பதப்பொருள். ஓர் உதாரணம் கொடுப்பது காட்டு. 'பெயர் மாத்திரம் தெரிந்தால்?' 'இருவர் வந்தால்?' என்பன வினா. அவற்றுக்கு வழி கூறுவது விடை. என் மாணாக்கர்களாகிய நிரலாளருக்கு யான் இதனைச் சொன்னபோது சிரித்தனர். அடுத்த கிழமை முதல் தம் குறிப்பேட்டில் இந்நான்கையும் தலைப்பாக இட்டிருந்தனர்.

நூலகக் கருவியிலே இலக்கணம் வேறொரு வகையாலும் கைகொடுத்தது. நூல் உண்டா எனப் பார்க்க ஒரு கருவி. நூலை ஒருவர் பெயரில் ஒதுக்கி வைக்க மற்றொரு கருவி. மாணவர் வந்து 'இன்ன புத்தகம் இருக்கிறதா?' என்று கேட்பர். முகவர் சிலபோது பார்த்துச் சொல்லும். சிலபோது தானாகவே ஒதுக்கியும் வைத்துவிடும். இதனால், கேட்டவர் வாராமலே நூல்கள் ஒதுக்கீட்டிற் கிடந்தன. நிரலாளர் இதனை மாதிரியின் தடுமாற்றம் என்றனர். யான் அதனை மாதிரியின் குற்றமெனக் கொள்ளேன். கடைக்காரரிடம் 'பயறு இருக்கிறதா?' என்பது கொளல் வினா, வாங்கவே கேட்கின்றோம். அதே சொற்களை வீட்டிற் சமையலறையை நோக்கிக் கேட்பின் அறியா வினா. சொல் ஒன்று, வினா இரண்டு. மனிதர் இடம் நோக்கி உணர்வர். மாதிரிக்கு இடம் தெரியாதே! ஆதலின், ஒதுக்கும் கருவியின் குறிப்பில், 'நூல் உண்டா என வினவுதல் ஒதுக்குமாறு கேட்டலன்று. எடுத்து வைக்குமாறு ஒருவர் வெளிப்படையாகச் சொன்னால் மாத்திரம் இதனைப் பாவிக்க' என்று சேர்த்தோம். ஒரு கருவியை எப்போது பாவிக்க வேண்டும் என்பதை எல்லோரும் எழுதுவர்; எப்போது பாவித்தலாகாது என்பதை எழுதுவோர் அருகியே உளர்.

இலக்கங்களின் கதை இன்னும் விநோதமானது. தேசிய அடையாள அட்டை இலக்கம் 2016ஆம் ஆண்டு முதல் பன்னிரண்டு இலக்கங்களாக வழங்கப்படுகின்றது. அதற்கு முன் பெற்றவர்க்கு ஒன்பது இலக்கமும் ஈற்றில் ஓர் ஆங்கில எழுத்தும். பெற்றோருட் பலர் பழைய அட்டையினர், பிள்ளைகள் புதியவர். உள்ளீட்டுக்கு 'எண்' என்று எழுதியிருந்தமையால், முகவர் பழைய அட்டையின் ஈற்றெழுத்தை 'எண்ணன்று' எனக் கழித்துவிட்டுக் கொடுத்தது. சொல்லியவாறே செய்தது! தொலைபேசி இலக்கத்தின் முன்னிற்கும் சுழியமும் அவ்வாறே மறைந்தது. 021 என்னும் எமது பிரதேசக் குறி 21 ஆயிற்று. எண்ணெனத் தோன்றுவன எல்லாம் எண்ணல்ல. கூட்டிக் கழிக்கப்படுவது எண். அடையாளமாய் நிற்பது பெயர். உள்ளீட்டின் வகையை எழுத்துத்தொடர் என மாற்றி, இருவகை அட்டைக்கும் ஒவ்வொரு காட்டும் கொடுத்தோம். திகதிக்கு வருடம், மாதம், நாள் என்னும் ஒழுங்கே விதியாயிற்று. 03/04 என்பது எமக்கு ஏப்ரில் மூன்று. அமெரிக்க வழக்கில் மார்ச் நான்கு. 'இன்று' என்பதும் ஐயத்துக்கு இடமானதே. ரொறன்ரோவிலிருந்து ஒரு பழைய மாணவர் தமது மாலைப்பொழுதில் எழுதும்போது இங்கே மறுநாள் விடிந்துவிடுகின்றது. ஆகவே 'நாட்கள் யாவும் இலங்கை நேரப்படி' என ஒரு வரி.

இத்தகைய இடர் சிறு கல்லூரிக்கே உரியதென எவரும் எண்ணற்க. அந்திரொப்பிக் நிறுவனத்தார், மென்பொருட் பிழைகளைத் திருத்தும் முகவரொன்றை ஆக்கியபோது, பொது அறிவுறுத்தலைச் செம்மை செய்வதிலும் கருவிகளைச் செம்மை செய்வதிலேயே கூடிய காலம் செலவிட்டதாக 2024 டிசெம்பரில் எழுதினர். கோப்பு இருக்கும் இடத்தை, நின்ற இடத்திலிருந்து எண்ணிச் சொல்லும் முறையிற் கருவி கேட்டுக்கொண்டிருந்ததாம். முகவர் வேறோர் இடத்துக்கு நகர்ந்த பின்னர் வழி தவறியது. முழு முகவரியையே எப்போதும் தருதல் வேண்டும் என்று மாற்றியதும் அத்தவறு ஒழிந்தது. 'இரண்டாம் ஒழுங்கையில் இடப்பக்க வீடு' என்பது சந்தியில் நிற்பவனுக்கு வழி. கொழும்பில் நிற்பவனுக்கு அதனால் என்ன பயன்? அதே நிறுவனத்தார் 2025 செப்ரெம்பரில் மற்றொன்றும் எழுதினர்: இணையத்தில் தேடும் கருவியைக் கொடுத்தபோது, மாதிரி தேடற்சொல்லின் பின்னே வேண்டாதவிடத்தும் '2025' என்பதைச் சேர்த்துக்கொண்டே இருந்ததென்றும், கருவியின் குறிப்பைத் திருத்தியே அப்பழக்கத்தை நீக்கினரென்றும். மாதிரியை ஆக்கியவர்களே மாதிரியை மாற்றாது குறிப்பை மாற்றினர் என்பதை யான் எனது நண்பருக்கு எடுத்துக் காட்டினேன். அவர் அன்றுதொட்டு நகைப்பதைக் குறைத்துக்கொண்டார்.

கருவி திருப்பிக் கூறும் விடையும் எழுத்துத்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். பிழை நேர்ந்தவிடத்து '400' என்று மாத்திரம் கூறும் கருவி, பிள்ளையின் கொப்பியிற் காரணம் எழுதாது சிவப்புக் கோடு இழுக்கும் ஆசிரியரை ஒக்கும். 'சேர்விலக்கம் நான்கு இலக்கமாதல் வேண்டும். நீ தந்தது மூன்று. முன்னே சுழியம் விடுபட்டதோ எனப் பார்' என்று கூறின் முகவர் தானே திருத்திக்கொள்கின்றது. மேலும், கேட்டதற்கு மேல் அள்ளிக் கொடுப்பதும் தீது. உதவிநிதிக் கருவி முன்னர் மாணவரின் முழுப் பதிவையும், தந்தை இறந்த திகதி முதல் வீட்டு வருமானம் வரை, திருப்பிக் கொடுத்தது. மாதிரியோ கடல் கடந்த நாட்டில் எங்கோ ஒரு கணினியில் இயங்குவது. ஒரு குடும்பத்தின் வறுமை அங்கே செல்ல வேண்டியதில்லை. 'கையிற் சேர்ந்தது' அல்லது 'சேரவில்லை', அதனோடு திகதி, இவ்வளவே போதும்.

குறிப்பினால் ஆகாததும் உண்டு; அதனையும் கூறல் வேண்டும். குறிப்பு வழிகாட்டியேயன்றிப் பூட்டன்று. பணம் விடுவிக்கும் கருவிக்கு 'பொருளாளர் சம்மதமின்றிப் பாவியாதே' என்று எழுதிவிட்டு அமைதியுறலாம் எனச் சிலர் கருதினர். யான் உடன்படவில்லை. மாதிரி பெரும்பாலும் கேட்கும். 'பெரும்பாலும்' என்பது பணப்பெட்டிக்குப் போதாது. இன்று அக்கருவி முகவரிடம் இல்லை. பணம் விடுவிக்குமாறு விண்ணப்பம் ஆயத்தம் செய்யும் கருவியே உண்டு. விடுவிப்பது பொருளாளர் கை. அன்றியும், பிறர் ஆக்கிய கருவியை இணைக்கும்போது அதன் குறிப்பை ஒருவர் கண்ணால் முழுவதும் படித்தல் வேண்டும். குறிப்பினுள்ளே கள்ளக் கட்டளையை ஒளித்து வைத்து முகவரை வஞ்சிக்கலாம் என்பதை 2025இல் ஆய்வாளர் செய்து காட்டிவிட்டனர். மாதிரி நம்பிப் படிக்கும் எழுத்தாதலின் அதில் நஞ்சு கலத்தல் எளிது.

இக்குறிப்புக்களை எம்மொழியில் எழுதினீர் என்று அன்பர் சிலர் ஆவலோடு கேட்கின்றனர். கருவியின் பெயரைத் தமிழில் இட வழியில்லை. பெரிதும் வழங்கும் ஏபிஐ விதிகள் உரோம எழுத்தையும் இலக்கத்தையும் இரண்டொரு குறிகளையுமே ஏற்கின்றன. குறிப்பைத் தமிழில் எழுதத் தடையில்லை. எழுதியும் பார்த்தோம். மாதிரி தமிழ்க் குறிப்பை விளங்கிக்கொள்கின்றது. ஆயினும், மாதிரிகள் எழுத்தைத் துண்டுதுண்டாக்கிப் படிக்கும் முறையில் தமிழ் ஆங்கிலத்தினும் கூடிய துண்டுகளாகச் சிதறுகின்றது. துண்டொன்றுக்கு இவ்வளவெனக் கட்டணமாதலால் செலவு ஏறுகின்றது. கேட்போர் தமிழில் கேட்பர். அதற்கு மாதிரி தமிழிலேயே விடையிறுக்கும். ஆகவே செலவு நோக்கிக் குறிப்பை ஆங்கிலத்தில் அமைத்து, தமிழுக்கே உரிய இடங்களை மாத்திரம் தமிழில் வைத்தோம். முதலெழுத்து மயக்கம், 'நாளைக்கு', 'நாளையின்றைக்கு' என்னும் வழக்குகள், 'காசு வந்ததோ' என்பதும் 'உதவிப்பணம் கிடைத்ததா' என்பதும் ஒரே வினா என்பது, இவையெல்லாம் தமிழ் எழுத்திலேயே நிற்கின்றன. இவ்வேற்பாட்டிற் சிறிது மனக்குறை எனக்கு உண்டு. தமிழ்க் குறிப்புக்களையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கின்றேன். கட்டணம் குறையும் காலத்தில் எடுத்துப் பாவிக்கலாம்.

சென்ற தவணையிலே தரம் 10 மாணவருக்கு ஒரு பயிற்சி கொடுத்தேன். கல்லூரி மணியை ஒரு கருவியாகக் கொண்டு, இவ்விடத்தை முன்பின் அறியாத ஒருவர் படித்த மாத்திரத்தில் சரியாக அடிக்கத்தக்கதாக ஒரு குறிப்பு எழுதுக என்றேன். பெரும்பாலோர் 'பாடம் முடிந்ததும் அடிக்க' என்று நிறுத்தினர். சிலர் நீண்ட மணி, குறுகிய மணி என வகுத்தனர். ஒருவன் மாத்திரம், பரீட்சை நாட்களில் இம்மணியை அடித்தலாகாது என்று எழுதிவிட்டு, அடியில் ஒரு வினாவும் வைத்திருந்தான்: 'சேர், அடித்தவருக்கு மணியோசை கேட்கும். கணினிக்குக் காது இல்லையே; அடித்தாயிற்று என்று அதற்கு யார் சொல்வது?'

அவ்வினா என்னை நிமிர்ந்து இருக்கச் செய்தது. கடிதம் அனுப்பும் கருவியால் அக்காலத்தில் ஒரு தொல்லை இருந்தது. பழைய மாணவர் சிலருக்கு ஒரே கடிதம் இரண்டு, மூன்று முறை சென்றது. கொழும்பிலுள்ள என் மாணாக்கருக்கு அன்றிரவே பையனின் வினாவை வாசித்துக் காட்டினேன். அவர் சற்று நேரம் மௌனமாயிருந்து, "சேர், அந்தக் கருவி அனுப்பிய பிறகு ஒன்றுமே திருப்பிச் சொல்வதில்லை" என்றார். வெறும் வெளியைக் கண்ட முகவர், அனுப்பப்படவில்லை என எண்ணி மீண்டும் அனுப்பியிருக்கின்றது. இப்போது அக்கருவி, 'அனுப்பப்பட்டது' என்பதையும் கடிதத்தின் தொடரிலக்கத்தையும் நேரத்தையும் கூறுகின்றது. அதே கடிதம் அதே நாளில் அதே முகவரிக்கு மறுபடி வருமாயின், அனுப்பாது, முன்னர் அனுப்பிய இலக்கத்தைச் சுட்டுகின்றது. இவ்விழாவுக்கான அழைப்பிதழ்கள் அக்கருவி வழியாகவே சென்றன. அதற்கான புதிய குறிப்பின் முதற்பிரதியை எழுதியவன் அப்பையன். சந்தி பார்த்துக் கொடுத்தது மாத்திரமே எனது பங்கு.